தைராய்டு மாத்திரை புதிதா? டோஸைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"எனக்குத் தைராய்டு இருக்கு டாக்டர்" என்று யார் போய் உட்கார்ந்தாலும், நான் காட்டும் டாக்டர் "எனக்கும்தான் இருக்கும்மா, இதோ" என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். எல்லார் கழுத்திலும் இருக்கிற சுரப்பிதான். நம் ஊரில் "தைராய்டு இருக்கு" என்றால் பெரும்பாலும் அது மந்தமாகச் சுரக்கிறது என்று அர்த்தம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு தெரிந்தது. அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார வேண்டாம். உங்கள் தெருவிலேயே காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்குகிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

நான் பத்து வருஷமாக விழுங்குகிறேன். அதில் முதல் ஒன்றரை வருஷம் வீணாகப் போனது. முதல் ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் என்ற எண் 18, இருக்க வேண்டியது நாலு நாலரைக்குள். ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரையில் ஆரம்பித்தார்கள்; இரண்டு மாதம் கழித்து 9. எழுபத்தைந்து ஆக்கினார்கள், 8க்குக் கீழே இறங்கவில்லை. நூறு ஆக்கினார்கள், அப்போதும் 7. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், எண்ணை மாற்றி எழுதினார்கள், அனுப்பிவிட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் வேறொரு டாக்டர்தான் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வாயில் போடுறீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்டார். மாத்திரை, உடனே ஃபில்டர் காபி, இட்லி முடிந்ததும் கால்சியம் மாத்திரை. அவர் சிரித்துவிட்டார். "மருந்து உள்ளே போகவே இல்லையேம்மா!"

டோஸ் போதவில்லை என்று டாக்டரிடம் போகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை. ஆகவே முதலில் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகட்டும், அப்புறம் அளவைப் பேசலாம்.

முதலில் ரிப்போர்ட்டைப் படியுங்கள்

லேப் தாளில் மூன்று வரி இருக்கும்: தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4, அப்புறம் டிஎஸ்எச். நாம் பெரும்பாலும் பார்க்க வேண்டியது கடைசி வரி. இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். டிஎஸ்எச் 12 என்றால் "தைராய்டு அதிகமாகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். விஷயம் நேர்மாறு. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை எழுப்புவதற்காக அனுப்பும் குரல். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எவ்வளவு தூங்குகிறதோ அவ்வளவு சத்தமாக அம்மா கத்துகிறார் அல்லவா, அதே கதை. எண் ஏறியிருந்தால் தைராய்டு தூங்குகிறது, ஹார்மோன் போதவில்லை. எண் 0.1, 0.05 என்று கிடந்தால் ஹார்மோன் தேவைக்கு மேல் போகிறது, மாத்திரை போடுகிறவர் என்றால் டோஸ் கூடிவிட்டது.

சரியான வரம்பு லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4இலிருந்து 4 அல்லது 4.5 வரை என்று அச்சிட்டிருப்பார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு எண் கொஞ்சம் மேலே நின்றாலும் டாக்டர்கள் விட்டுவிடுவது உண்டு, அது அலட்சியம் அல்ல. அதேபோல டிஎஸ்எச் 5, 6 என்று இருந்து டி4 சரியாக இருந்தால், உடனே மாத்திரை எழுதாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை ரத்தம் பார்க்கச் சொல்லலாம். சிலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். "மாத்திரையே எழுதலை, என்ன டாக்டர் இவர்" என்று வேறு இடத்துக்கு ஓட வேண்டாம்.

முதல் தடவை மட்டும் ஆன்ட்டி டிபிஓ என்ற பரிசோதனையையும் எழுதலாம். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று அதில் தெரியும். 1912இல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால்தான் இந்த நோயை அழைக்கிறார்கள். அயோடின் உப்பு வீட்டுக்கு வீடு வந்த பிறகு பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு வர முக்கியக் காரணம் இதுவே. அதனால் உப்பைக் கூட்டிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆன்ட்டி டிபிஓவை ஒவ்வொரு முறையும் பார்க்கத் தேவையில்லை. டோஸ் அதை வைத்து மாறாது, காசுதான் போகும்.

மாத்திரையை எப்படிப் போடுவது

மருந்தின் பெயர் லெவோதைராக்சின். கடையில் தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பல பெயரில் வரும். நம் சுரப்பி செய்ய வேண்டிய அதே டி4 ஹார்மோன்தான் மாத்திரையாக வருகிறது. "ஆயுசுக்கும் மருந்தா" என்று கலங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: உடம்புக்குப் புதிதாக எதையும் திணிக்கவில்லை, குறைவதை நிரப்புகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் இது ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ள மாத்திரை. வயிற்றில் வேறு யாராவது இருந்தால் உள்ளே போகாது.

எழுந்ததும், பல் தேய்த்த கையோடு, ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அதன்பின் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். இதில் தமிழ்நாட்டு வீடுகளில் பெரிய வில்லன் காபி. "காபி சாப்பாடா என்ன?" என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறார். கறுப்புக் காபியே இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நம் டிகாக்ஷனில் பாலும் சேர்ந்து, பாலிலுள்ள கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். டீயும் அப்படியே. ஐந்தரைக்கு டபரா கையில் வந்தாக வேண்டும் என்பவர்கள் காபியைத் தள்ளிப்போடப் பாடுபடுவதை விட மாத்திரையை முன்னால் கொண்டுவருவது சுலபம். நான் தலைமாட்டில் டப்பாவையும் சொம்புத் தண்ணீரையும் வைத்துக்கொள்கிறேன். நாலரைக்கு எப்படியும் ஒருமுறை விழிப்பு வருகிறது. அப்போது போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தால், ஐந்தரைக் காபிக்கு வழி திறந்துவிடுகிறது.

காலையில் முடியவே முடியாது, இரவுப் பணி, கைக்குழந்தை என்று இருப்பவர்கள் இரவிலும் போடலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 2010இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில் படுக்கப்போகும் நேரத்தில் போட்டவர்களுக்கு டிஎஸ்எச் இன்னும் நன்றாகவே இறங்கியது. ஆனால் எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. ரமலான் நோன்பு இருப்பவர்கள் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு வயிறு காலியான பிறகோ போட்டுக்கொள்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது என்று நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எந்த நேரமாக இருந்தாலும் தினமும் ஒரே நேரம், ஒரே முறை. இன்று காலை, நாளை இரவு என்று ஆட வேண்டாம்.

அடுத்தது மற்ற மாத்திரைகள். இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. கால்சியம், இரும்புச்சத்து இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். சத்துக்கு என்று எல்லாரும் போடும் மல்டிவைட்டமினிலும் இந்த இரண்டும் இருக்கலாம். அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். நான் கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டேன். வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி சிரப் குடிப்பவர்களுக்கும் அதே நாலு மணி நேரம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை கொஞ்சம் வேறு: அவை வயிற்றில் அமிலத்தையே குறைப்பதால், இடைவெளி விட்டாலும் தைராய்டு மருந்து கரைவது குறையலாம். "காலையில் ஒரு பான், ஒரு தைராய்டு" என்று சேர்த்து விழுங்குகிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கேஸ் மாத்திரை உண்மையிலேயே தேவையா, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். தேவை என்றால் போடலாம். அதற்கேற்ப தைராய்டு டோஸை அவர் அமைப்பார். கேஸ் மாத்திரையைப் பாதியில் நீங்களாக நிறுத்தினால் தைராய்டு டோஸ் கூடிப்போகும்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள். அடுத்த நாள்தான் நினைவு வந்தது என்றால், வழக்கம்போல ஒன்றைப் போட்டுத் தொடருங்கள். விட்டதையும் சேர்த்துப் போடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு, மருந்து உடம்பில் பல நாள் தங்குவதால். ஆனால் அதை முன்கூட்டியே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் தாங்களாக இரட்டை மாத்திரை போடவே கூடாது.

ஆறு வாரம் பொறுங்கள்

இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏழு நாள் ஆகும். அதனால் புது டோஸ் உடம்பில் நிதானத்துக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். மாத்திரை ஆரம்பித்தாலும், டோஸ் மாற்றினாலும், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். பதினைந்து நாளில் போய்ப் பார்த்து "குறையவே இல்லை" என்று டோஸைக் கூட்டிக்கொண்டால், மாதக் கடைசியில் படபடப்பு வரும்.

அசதி இரண்டு மூன்று வாரத்தில் லேசாக விலக ஆரம்பிக்கலாம். மலச்சிக்கல், முக வீக்கம் அதற்கடுத்து. முடி கொட்டுவது நிற்க மாதக் கணக்கில் ஆகும். ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டினாலும் பயப்பட வேண்டாம். எடையைப் பற்றி மட்டும் ஒரு கசப்பான செய்தி: தைராய்டு குறைவதால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். பதினைந்து கிலோ ஏறியிருந்தால் மாத்திரை அதை இறக்காது. எடை குறையட்டும் என்று டோஸைக் கூட்டிக்கொள்வது ஆபத்து, பின்னால் சொல்கிறேன்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கம்பு பற்றி வாட்ஸப்பில் வரும் பட்டியல்களைப் பார்த்து எதையும் நிறுத்தத் தேவையில்லை. வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிடலாம். சோயா மட்டும் மாத்திரையிலிருந்து சில மணி நேரம் தள்ளி இருக்கட்டும்.

ரத்தம் கொடுக்கும் நாள்

ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம். டிஎஸ்எச் இரவிலும் விடியற்காலையிலும் கூடி, மத்தியானத்தில் குறைகிற சமாச்சாரம். போன முறை காலை ஏழு மணிக்கும் இந்த முறை மாலை நாலுக்கும் கொடுத்துவிட்டு எண்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். போட்டுவிட்டுப் போனால் டி4 சில மணி நேரத்துக்கு ஏறித் தெரியும். தைராய்டுக்கு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. சுகர், கொழுப்பு சேர்த்துப் பார்ப்பதால்தான் லேபில் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் கவனியுங்கள். பல லேப் இயந்திரங்களில் பயோட்டின் எண்களைக் குழப்பிவிடும்: டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ரொம்பக் கூடுதல் அளவில் போடுகிறீர்கள் என்றால் இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். தைராய்டு குறைவால் முடி கொட்டி, அதற்குப் பயோட்டின் போட்டு, அதனால் ரிப்போர்ட் மாறி, அதைப் பார்த்து டோஸ் குறைந்து, மறுபடி முடி கொட்டி... இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

டாக்டர் முன்னால்

டோக்கன் 34, உள்ளே நாலு நிமிஷம். நம் ஊர் கிளினிக்கில் கிடைப்பது இவ்வளவுதான், அதைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நாலு நிமிஷத்தில் "ஒரே அசதி டாக்டர், உடம்பே முடியலை" என்று மட்டும் சொன்னால், அவர் ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்ப்பார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வரி: தேதி, டிஎஸ்எச், டி4, அப்போது போட்டுக்கொண்டிருந்த டோஸ், கம்பெனி பெயர், எடை. கீழே பென்சிலில் நாலு வார்த்தை: "தூக்கம் சரி. குளிர்கிறது. மாதவிலக்கு 8 நாள்." அவர் ஒரு பார்வையில் ஐந்து வருஷத்தைப் பார்த்துவிடுகிறார்.

டோஸ் பற்றிக் கேட்கும்போது "கூட்டுங்க" என்றோ "குறைங்க" என்றோ தொடங்காமல், நடந்ததைச் சொல்லி அவரைக் கேட்பது நல்ல பலன் தருகிறது. எனக்கு நடந்த ஒரு பேச்சு ஏறக்குறைய இப்படி:

"டாக்டர், எழுபத்தைந்து போட்டு எட்டு வாரம் ஆச்சு. மாசத்துல ஒரு நாள்தான் விட்டேன். காபி ஒரு மணி நேரம் கழிச்சுதான். டிஎஸ்எச் 5.8 வந்திருக்கு, போன தடவை 3. நடுவுல கம்பெனி மட்டும் மாறிடுச்சு."

"எப்போ மாறுச்சு?"

"ரெண்டு டப்பா முன்னால. கடையில பழையது இல்லைன்னாங்க."

"சரி, டோஸை இப்போ தொட வேண்டாம். பழைய கம்பெனியே வாங்குங்க. ஆறு வாரம் கழிச்சு டிஎஸ்எச் மட்டும் பாருங்க."

அந்தத் தகவல் இல்லாமல் போயிருந்தால் எண்பத்தெட்டு எழுதியிருப்பார், ஆறு வாரத்தில் படபடப்போடு திரும்பிப் போயிருப்பேன். எல்லாக் கம்பெனி மாத்திரையும் வேலை செய்யும். ஆனால் இந்த மருந்தில் சின்ன வித்தியாசமும் ரத்தத்தில் தெரியும் என்பதால், ஒன்றில் நிலைத்திருப்பது நல்லது. மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கினாலும் தப்பில்லை. மாற்றினால் டாக்டரிடம் சொல்லி, ஆறு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிட்டால் போதும்.

டாக்டர் எப்படிக் கணக்கிடுகிறார் என்று தெரிந்தால் பேசுவது சுலபம். சுரப்பி அறவே வேலை செய்யவில்லை என்றால், ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது முழு டோஸ். 60 கிலோ உள்ளவருக்கு 96, அதாவது நூறுக்கு அருகில். சுரப்பி பாதி வேலை செய்கிறது என்றால் 25, 50 போதும். அதனால் "அவளுக்கு ஐம்பது, எனக்கு ஏன் நூறு, எனக்கு நோய் முற்றிவிட்டதா" என்று பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25இல் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். திடீரென்று வேகம் பிடித்தால் இதயம் தாங்காது. மாற்றுவதும் ஒரு தடவைக்கு 12.5 அல்லது 25தான். சில சமயம் "அஞ்சு நாள் ஐம்பது, சனி ஞாயிறு எழுபத்தைந்து" என்று எழுதுவார்கள். குழம்ப வேண்டாம்: வாரத்துக்கு 400, ஒரு நாளைக்குச் சராசரி 57. மருந்து வாரக் கணக்கில் உடம்பில் தங்குவதால் இது சரியாகவே வேலை செய்யும்.

டிஎஸ்எச் சரியாக 2இல் நிற்கிறது, ஆனாலும் அசதி போகவில்லை. இதுதான் கஷ்டமான பேச்சு. "எண் சரியா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று அனுப்பினால் கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அந்த இடத்தில் டோஸைக் கூட்டச் சொல்லிச் சண்டை போடுவதை விட, "அப்போ அசதிக்கு வேற என்ன பார்க்கலாம் டாக்டர்?" என்று கேளுங்கள். ரத்தசோகை, பி12, வைட்டமின் டி, சுகர், குறட்டையோடு வரும் தூக்கக் குறைவு, மனச்சோர்வு, இவை ஒவ்வொன்றும் தைராய்டு குறைவு போலவே இருக்கும். எனக்கு ஹீமோகுளோபின் 9 என்று தெரிந்தது இந்த ஒரு கேள்வியால்தான்.

பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ள சிலருக்கு டிஎஸ்எச்சை நம்ப முடியாது, டி4 வைத்துத்தான் டோஸ் முடிவாகும். அப்படி இருந்தால் எந்தப் புது டாக்டரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

டோஸ் கூடினால் தெரியும் அடையாளங்கள்

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், தூக்கம் வராமை, வயிறு அடிக்கடி கலங்குவது, சாப்பிட்டும் எடை இறங்குவது. காபியையும் கால்சியத்தையும் தள்ளி வைத்த பிறகு, நூறு மைக்ரோகிராம் முழுதாக உள்ளே போய், எட்டே வாரத்தில் என் டிஎஸ்எச் 0.2க்கு இறங்கியது. இரவில் படுத்தால் தலையணையில் என் நாடித்துடிப்பு எனக்கே கேட்டது. எழுபத்தைந்துக்குக் குறைத்தார்கள். அதாவது மாத்திரை போடும் பழக்கத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே திருத்துங்கள். பழைய டோஸ் திடீரென்று கூடுதலாகிவிடும்.

வருஷக் கணக்கில் கூடுதலாகவே போட்டுக்கொண்டிருந்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாவதும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதும் நடக்கும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாங்க முடியாத படபடப்பு என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே: மாதக் கணக்கில் மாத்திரையை விட்டுவிட்ட பெரியவர் ஒருவர் சில்லிட்டுப்போய், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் கிடந்தால் அது அவசரம்.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே

முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் நடக்கிறது, குழந்தையின் சுரப்பி இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பலருக்கு டோஸ் கால் பங்கிலிருந்து பாதி வரை கூட வேண்டியிருக்கும். அதனால் கிட்டில் இரண்டு கோடு வந்த அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்று ஆரம்பிக்கச் சொல்வது வழக்கமான ஒரு முறை. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் "நாள் தள்ளிப்போனால் நான் என்ன செய்யணும்?" என்று முன்னாலேயே கேட்டுத் தாளில் எழுதி வாங்கிவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒரு டிஎஸ்எச். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் போட்டே ஆக வேண்டும். தைராய்டு விடியலில், மற்றவை மத்தியானமும் இரவும். பிரசவத்துக்குப் பின் பழைய டோஸுக்கு இறக்கி, ஆறு வாரத்தில் பார்ப்பார்கள். கர்ப்பத்தில் மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் நிறுத்தச் சொன்னால் அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பால் கொடுக்கும்போதும் போடலாம்.

கடையில், வீட்டில்

25, 50, 62.5, 75, 88, 100, 125 என்று வரிசையாகப் பல அளவில் டப்பாக்கள் இருக்கின்றன, எல்லாம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஒருமுறை 125 எழுதிய என் அக்காவுக்கு 12.5 கொடுத்துவிட்டார்கள். இரண்டரை மாதம் பத்தில் ஒரு பங்கு மருந்தைப் போட்டுக்கொண்டு, டோஸ் போதவில்லை என்று டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் காட்டச் சொன்ன பிறகுதான் புள்ளி கண்ணில் பட்டது. சிலர் மில்லிகிராமில் எழுதுவார்கள்: 0.05 என்றால் 50 மைக்ரோகிராம், 0.1 என்றால் 100. காசு கொடுப்பதற்கு முன் டப்பாவில் எண், காலாவதித் தேதி இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெயிலும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. அடுப்பு மேடை, பாத்ரூம் அலமாரி, ஃப்ரிட்ஜின் மேல், காரின் முன்பெட்டி, இவை எதுவும் வேண்டாம். வந்த டப்பாவிலேயே, உள்ளே இருக்கும் குட்டிப் பொட்டலத்தோடு, மூடி இறுக்கி வையுங்கள். வாரத்துக்குப் பிரித்து வைக்கும் பெட்டி வசதிதான், ஏழு நாளுக்கு மேல் அதில் போடாதீர்கள். டோஸ் மாறியதும் பழைய டப்பாவின் மேல் தடித்த பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். டோஸ் நிலைத்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் போதும். நான் ஆயுதபூஜை வாரத்தில் கொடுத்துவிடுகிறேன். அந்த வாரம் எப்படியும் மறக்காது.